ரத்த ரிப்போர்ட்டுக்கு உரையாசிரியர்

நோயாளிகளில் ஓர் இனம் உண்டு. நோய் வந்த சில வாரங்களிலேயே டாக்டராகிவிடும் இனம். நம்பமாட்டீர்களா? காஞ்சிபுரத்துக் குமரகுருவைப் பாருங்கள்.

பட்டு நெய்தே தலை நரைத்தவர். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி எழும்பி, அது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று வீடே அழுதது, அவரும் அழுதார். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். ரிப்போர்ட் வரும்போதெல்லாம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்வதென்ன, பக்கத்து வீட்டு வெங்கடேசனை வழிமறித்து, "உடம்புல டி செல்லுன்னு இருக்குதுபா. அதுல சண்டை போடுற கூட்டம் ஒண்ணு, சண்டைய அடக்குற கூட்டம் ஒண்ணு. அடக்குறவன் கை ஓங்குச்சுன்னா கட்டிக்குக் கொண்டாட்டம். பேலன்ஸ் முக்கியம்பா, பேலன்ஸ்!" என்று வகுப்பெடுப்பதென்ன, கடைசியில் பால்காரர்கூட அவரைக் கண்டால் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்ததென்ன!

பேசிக்கொண்டிருக்கும்வரை பயம் தெரியவில்லை. அதனால்தான் பேசினார்.

பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. கீமோ ஏற்றிய உடம்பு, கூட்டத்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கிரேஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவி துர்காதேவி வாசலை மறித்தாள்.

"டாக்டரம்மா வேணான்னாங்களே?"

"அது போன ரிப்போர்ட்டுக்கு. இப்ப விகிதம் கரெக்டா இருக்குது துர்கா. ரெண்டு கூட்டமும் சமம்!"

போனார். நெரிசலில் அவர் தோளிலேயே ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கும் டி செல்லை விளக்கினார்.

இரண்டாம் நாள் மாலை குளிர்க்காய்ச்சல். பல் கிட்டித்து, கண் செருகி, ஆட்டோவில் மனைவியின் மடியில் கிடந்தபோது அவருக்கு ஒரு செல்லின் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

மருந்து ஏறி, அவர் கண் திறந்ததும் கிரேஸ் கேட்டார்:

"ரிப்போர்ட் நீங்களே படிச்சீங்களாமே?"

"விகிதம் சரியாத்தானேம்மா இருந்துச்சு…"

"தராசு சமமாத்தான் நிக்குது. கீமோவுல ரெண்டு தட்டும் காலிங்க!"

குமரகுருவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னை நினைத்துத்தான். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. துர்காதேவி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வார்த்தை திட்டிடேன் துர்கா."

"முதல்ல தேறி வாங்க. சேத்து வச்சிருக்கேன்."

தேறினார். திட்டு தவணை முறையில் கிடைத்தது. கட்டியும் கரைந்துகொண்டு வந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலிருந்த செல்லியம்மாள், "இதுல இன்னா போட்டுருக்குதுன்னு கொஞ்சம் பாருங்கண்ணா" என்று தன் ரிப்போர்ட்டை நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. காய்ச்சல் வந்தா உடனே ஓடியாந்துடணும், அதான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண் மட்டும் ரிப்போர்ட்டை மேய்ந்தது.

சிரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டீக்கடையில் யாரோ தும்முவார். "உடம்புல ரெண்டு கூட்டம் இருக்குது, தெரியுமா?" என்று ஆரம்பிக்கப்போகிறவர் யாரென்றுதான் பார்ப்போமே!