யானை முட்டையும் முகமிலிப் படையும்

ஏழு குன்றுகளும் ஒரே ஒரு பாலமும் கொண்ட முழக்கபுரி என்ற நாட்டில், மக்கள் மனத்தில் பட்டதைச் சொல்வதற்கென்று ஒரு சுவர் இருந்தது. சந்தைக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த உப்புக் கிடங்கின் சுவர் அது. யார் வேண்டுமானாலும் ஒரு கரித்துண்டை எடுத்து அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் போடும் வழக்கம் இல்லை. பல்வலிக்கு மருந்து, எந்தக் கடைத் தயிர் புளிப்பு, தோசை முறுகலாக இருக்க வேண்டுமா கூடாதா என்று மூன்று வருடமாக நடக்கும் சண்டை, காவல் அமைச்சரின் மீசையைப் பற்றி நாலு வரிப் பாட்டு என்று எல்லாம் அங்கே இருக்கும். மழை வந்தால் அழிந்துபோகும். வெயில் வந்ததும் மறுபடி எழுதத் தொடங்குவார்கள்.

தினமும் காலையில் அந்தச் சுவரைப் படித்துச் சிரித்துவிட்டு வேலைக்குப் போகிறவள் செங்கமலம். அவள் வேலை, முரசு மன்றத்தில் செய்தி எழுதுவது. அவள் எழுதிக் கொடுப்பதை எட்டு முரசறைவோர் எட்டு நாற்சந்திகளில் நின்று கொட்டி முழக்குவார்கள். ஒன்பது வருடமாக எழுதுகிறாள். நாட்டில் என்ன நடந்தது என்று ஜனங்களுக்குத் தெரிவதெல்லாம் அவள் கைப்பட எழுதியதுதான். அந்தச் சுவரிலும் அவள் ஒருமுறை எழுதியிருக்கிறாள்: ‘முரசு மன்றத் தலைவரின் தொண்டையைவிடத் தொப்பை பெரிது.’ அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை சுவரில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘நாளைக் காலை பட்டத்து யானை முட்டையிடும். அனைவரும் கூடையுடன் வருக.’

மறுநாள் நாற்பது பேர் கூடையோடு அரண்மனை வாசலுக்குப் போனார்கள். ஒருவர் வாணலியே எடுத்து வந்திருந்தார். வேர்க்கடலை தின்றார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த வாரம் நாட்டில் வேறு செய்தியே இல்லை. மாமன்னர் அகண்டவர்மர், நாட்டின் ஒரே பாலத்தை நான்காவது முறையாகத் திறந்து வைத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

முரசு மன்றத் தலைவர் இடிமுழக்கனார் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“எத்தனை பேரும்மா போனாங்க?”

“நாப்பது பேர் இருக்கும் ஐயா.”

“நாலாயிரம்னு எழுது.”

“ஐயா, சும்மா சிரிச்சிட்டுப் போகத்தான் வந்தாங்க. ஒருத்தர் வாணலிகூட எடுத்துட்டு வந்தாரு.”

“ஆயுதத்தோட வந்தாங்கன்னு எழுது. யாரு கூப்பிட்டது?”

“சுவத்துல யாருங்க ஐயா பேரு போடறாங்க?”

இடிமுழக்கனார் எழுந்து நின்றுவிட்டார். “பேரு இல்லை. முகம் இல்லை. முகமிலி... முகமிலிப் படை! எழுதும்மா.”

செங்கமலத்தின் எழுதுகோல் தயங்கியது. “படைன்னா ஜனங்க பயந்துடுவாங்களே ஐயா.”

“சிரிப்பை முரசுல கொட்ட முடியாது. பயத்தைத்தான் கொட்ட முடியும். எழுது.”

எழுதினாள். மறைப்பானேன், தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தாள்: ‘நிழலில் பிறந்து நிழலில் மறைபவர்கள்.’ வரி நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இவ்விதமாக முகமிலிப் படை பிறந்தது.

மறுநாள் முழக்கபுரியில் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். இதுவரை உப்புக் கிடங்குப் பக்கமே போகாத பெரிய மனிதர்கள் எல்லாரும் நாற்சந்தியில் நின்று சுவரைப் பற்றி விளக்கம் சொன்னார்கள். பண்டிதர் சூட்சுமநாதர், சுவரியல் அறிஞர் என்ற புதிய பட்டத்தோடு வந்து, யானை வாக்கியத்தில் உள்ள ‘ட’கரத்தின் வளைவைப் பார்த்தால் எழுதியவனுக்குத் தாய்ப்பாசம் இல்லை என்பது புலனாகிறது என்றார்.

சுவர் சும்மா இருக்குமா? ‘முகமிலிப் படைத் தலைவருக்குப் பல்வலி. கிராம்பு இருந்தால் இங்கே வைக்கவும்’ என்று யாரோ எழுதினார்கள். யாரோ உண்மையிலேயே நாலு கிராம்பை வைத்துவிட்டும் போனார்கள். அன்று மாலை எட்டு நாற்சந்தியிலும் முரசு அதிர்ந்தது: ‘படைத் தலைவனுக்குக் கடல் கடந்து வரும் மர்மச் சரக்கு!’

காவல் அமைச்சர் ஐயம்பெருமாள் அரசவையில் எழுந்தார். “மாமன்னா! அடியேன் ஆழ்ந்து ஆராய்ந்ததில், எதிரிகள் அனைவரும் கரியைப் பயன்படுத்துவது தெரியவந்துள்ளது.”

“எனில் கரியை ஒழித்துவிடுங்கள்” என்றார் மாமன்னர்.

நாட்டிலுள்ள கரி முழுவதையும் மூன்று நாளில் அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அடுப்புகள் அணைந்தன. கொல்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செங்கமலத்தின் தோழி, கிழக்குத் தெருவில் துணி தேய்த்துப் பிழைத்த பூவாயி, கரியில்லாத இஸ்திரிப் பெட்டியை வெறுமனே துணிமேல் தள்ளிப் பார்த்தாள்.

“ஏன்க்கா, அந்த முகமிலிங்களை நீ பாத்திருக்கியா?” என்று கேட்டாள்.

“இல்லை பூவாயி.”

“முரசுல நீதானே எழுதறே?”

வேலைக்கு நேரமாகிறது என்று செங்கமலம் கிளம்பிவிட்டாள்.

கரி போனதும் ஜனங்கள் செங்கல் துண்டால் எழுதினார்கள். செங்கல் தடை செய்யப்பட்டது. பாதியில் நின்ற வீடுகள் பாதியிலேயே நின்றன. பிறகு, ஒவ்வொருவரும் தன் பெயர், தகப்பன் பெயர், தெரு ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்று ஆணை வந்தது. பலகையை எதைக் கொண்டு எழுதுவது என்பதை ஆணை சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் ஒரு நாள், செங்கமலம் சுவரின் கீழ்மூலையில் மஞ்சளால் எழுதிய ஒரு வரியைப் பார்த்தாள். ‘கிழக்குக் குளத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க. தோல் பட்டறைக் கழிவு அதில் விழுது. நான் பார்த்தேன்.’

அவள் சிரிக்கவில்லை. நேரே குளத்துக்குப் போனாள். வடக்குக் கரையில் பட்டறையின் வாய்க்கால், தேநீர் நிறத்தில் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பட்டறை யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஐயம்பெருமாளின் மைத்துனருடையது.

ஓடிப்போய் அன்றைய செய்தியாக அதை எழுதி நீட்டினாள். இடிமுழக்கனார் படித்தார். தலையை ஆட்டினார்.

“நல்ல செய்தி. கொஞ்சம் திருத்தணும்.”

மாலையில் முரசு முழங்கியது: ‘குளத்தில் நஞ்சு கலக்க முகமிலிகள் சதி! சுவரில் பகிரங்க மிரட்டல்!’ எச்சரிக்கை மிரட்டலாகிவிட்டது. வாய்க்கால், பட்டறை, மைத்துனர் எதுவும் அதில் இல்லை.

அமைச்சர் உடனே குளத்தைச் சுற்றிக் காவல் போட்டார். வதந்தியை முறியடிக்கக் கிழக்குத் தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் தினம் இரண்டு குவளை குளத்து நீரைக் காவலர் முன்னிலையில் குடிக்க வேண்டும் என்றும், குடிக்க மறுப்பவர் முகமிலியாகக் கருதப்படுவார் என்றும் ஆணையிட்டார். அந்தத் தெருக் கிணறுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். காவல் இருப்பதால் குளத்து நீரைத் தைரியமாகக் குடிக்கலாம் என்று முரசும் முழங்கியது.

அந்த மாதம் கிழக்குத் தெருவில் பதினொரு பேர் செத்தார்கள். முரசு அதைச் சொல்லவில்லை. பூவாயி வயிற்றுப்போக்கில் படுத்தாள். எட்டாம் நாள் எழுந்தாள், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. செங்கமலம் அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது, பூவாயி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “தண்ணி நாறுதுன்னு எனக்குத் தெரியும்க்கா. முரசுல சொன்னாங்களேன்னு குடிச்சேன். நீ எழுதினதாச்சேன்னு குடிச்சேன்.”

செங்கமலம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவளால் ஒரு வரிகூட அழகாக எழுத முடியவில்லை.

படை இருக்கிறது, தலைவன் எங்கே என்று மாமன்னர் கேட்கத் தொடங்கியிருந்தார். மூன்றாம் நாள் தலைவனைப் பிடித்துவிட்டார்கள். பட்டத்து யானையின் பாகன் மாயாண்டி. அவன் கொட்டடியில் ஒரு கரித்துண்டு இருந்தது, அதுதான் சாட்சி. மாமன்னர் முன் நடந்த விசாரணையைப் பார்க்க ஊரே கழுத்தில் பலகையோடு அரண்மனை முற்றத்தில் திரண்டது. குறிப்பெடுக்கச் செங்கமலத்தை இடிமுழக்கனார் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

“யானை முட்டையிடும் என்ற ராஜத்துரோக வாசகத்தைப் பொறித்தவன் நீதானா?” என்றார் ஐயம்பெருமாள்.

“ஆமா சாமி, நான்தான்.”

கூட்டம் அதிர்ந்தது. யாராவது ஒப்புக்கொள்வார்கள் என்று அமைச்சரே எதிர்பார்க்கவில்லை.

“உன் உள்நோக்கம் யாது?”

“யானைக்குத் தீனியைக் குறைச்சிட்டீங்க சாமி. ஒரு நாளைக்கு ரெண்டு கைப்பிடி தானியம் வருது. அது கோழித் தீனி. கோழித் தீனி தின்னா முட்டைதானே போடும்னு எழுதினேன். அது எலும்பும் தோலுமா நிக்குது சாமி. நேர்ல சொன்னா யாரு கேக்கறா?”

“உன் படையில் எத்தனை பேர்?”

“நானும் யானையும்தான்.”

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் அமைச்சர். “யானைப்படை ஒன்று தன் வசம் இருப்பதைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான்.”

செங்கமலம் எழுதவில்லை. எழுதுகோலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“மகாராஜா, முகமிலிப் படைன்னு ஒண்ணு கிடையாதுங்க. நாங்க உண்டாக்கினது. முரசு மன்றத்துல, ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்போ. ‘நிழலில் பிறந்து நிழலில் மறைபவர்கள்’ நான் எழுதின வரி. குளத்துல விஷம் கலந்தது பட்டறைக் கழிவு. சுவத்துல எழுதினவங்க நம்மளக் காப்பாத்தப் பாத்தாங்க. நான்தான் அதைத் திருத்த விட்டேன். பதினொரு பேரு செத்துட்டாங்க.”

இடிமுழக்கனார் பல்லைக் கடித்துக்கொண்டு, “உக்காரும்மா” என்றார்.

“உங்க தொப்பையைப் பத்தி எழுதினதும் நான்தான் ஐயா” என்றாள் செங்கமலம். சொல்லவந்த இடத்தில் அதையும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமன்னர் அகண்டவர்மர் கோபப்படவில்லை. அமைச்சரைப் பக்கத்தில் அழைத்தார்.

“ஐயம்பெருமாள், பெயர் போடாமல் எழுதினால் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது, அப்படித்தானே?”

“முடியாது மாமன்னா. இவன் தானாக ஒப்புக்கொண்டான்.”

“எழுதியதற்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை?”

“தேவையில்லை மாமன்னா.”

“ஆட்கள் செத்தாலும்?”

“செத்தாலும்.”

மாமன்னரின் முகம் மலர்ந்தது. “இவ்வளவு அருமையான ஏற்பாட்டை இத்தனை நாளும் குடிமக்களிடமா விட்டு வைத்திருந்தோம்!”

மறுவாரத்திலிருந்து அரசாணைகளில் கையெழுத்து இல்லை. அமைச்சர்களுக்குப் பெயர் இல்லை. அலுவலகங்களின் கதவுகளை அடைத்துவிட்டு, கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் வைத்தார்கள். எந்த ஆணைக்கும் அடியில் ‘மேலிடம்’ என்று மட்டும் இருந்தது. குடிமக்களின் பலகைகள் ஒரு சாண் பெரிதாக்கப்பட்டன. மாயாண்டியையும் யானையையும் பாலம் தாண்டி விரட்டினார்கள். அக்கரையில் புல் நிறைய இருந்ததால், அந்த ஒரு தண்டனை மட்டும் நல்லதாய்ப் போயிற்று. உப்புக் கிடங்குச் சுவரை இடித்தார்கள். இடிக்கச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது.

வேலை போன செங்கமலம், குளத்தைப் பற்றி மனு எழுதிக்கொண்டு அந்த ஓட்டைக்கு முன் போய் நின்றாள். உள்ளிருந்து ஒரு கை வந்து மனுவை வாங்கியது.

“யாருங்க பேசறது?” என்றாள்.

“அதைக் கேட்பது குற்றம். உன் பெயர், தகப்பன் பெயர், தெரு சொல்.”

சொன்னாள். கை உள்ளே போயிற்று. பதில் வரவில்லை. நாலு தரம் போனாள். நாலு தரமும் ஒரே கையா வேறு கையா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் தரம் அவள் அங்கே போகவில்லை. காலையில் கிழக்குக் குளத்துக்குப் போய்ப் படித்துறையில் நின்றாள். காவலர்கள் அவள் பலகையைப் படித்துப் பார்த்தார்கள். எல்லாம் விதிப்படி இருந்தது. குடத்தோடு வந்த முதல் ஆளை நிறுத்தி, எட்டு நாற்சந்திக்கும் எழுதிப் பழகிய தெளிவோடு சொன்னாள்: “இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. பட்டறைக் கழிவு விழுது. சொல்றது செங்கமலம், சங்கரலிங்கம் மக, பூட்டுக்காரர் தெரு.”

மூன்றாம் நாள் பூவாயி வந்து பக்கத்தில் நின்றாள். நடுங்கும் கையால் தன் பலகையைத் தூக்கிக் காட்டி, அவளும் பெயரைச் சொன்னாள். வாணலி எடுத்து வந்த மனிதர் வந்தார். செத்துப்போன பதினொரு பேரின் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாரக் கடைசியில் கரையில் இருபத்தாறு பேர் நின்றார்கள். ஒருவரும் ஒளியவில்லை, ஒருவரும் கத்தவில்லை. வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், கூடவே தங்கள் பெயரையும்.

அன்று மாலை முரசு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் அதிர்ந்தது. புதிதாகச் சேர்ந்த எழுத்தர் யாரோ நன்றாகத்தான் எழுதியிருந்தார்: ‘நாட்டை உலுக்கும் பேராபத்து! குளக்கரையில் முகத்தோடு நடமாடும் மர்மக் கும்பல்!’

குடத்தோடு வந்த ஒரு பெண் படித்துறையில் அப்படியே நின்றுவிட்டாள். முரசு வந்த திசையைப் பார்த்தாள். பிறகு செங்கமலத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, அது உங்களைத்தானே சொல்றாங்க?”

“ஆமா, எங்களைத்தான். நீங்க குடத்தைக் கவுத்துட்டுப் போங்க.”