பொன்னுக்கு வீங்கியும் மூன்று பவுன் சங்கிலியும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் கதையில் அதற்கு வேலையில்லை. அதே காட்டின் சுகாதாரத் துறையில் பச்சைநாயகி என்றொரு தவளை ஆய்வாளராக இருந்தாள். கதை அவளுடையது.

அந்தக் கோடையில் காட்டுக்குள் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் ஒரு முயலுக்குக் கன்னம் உப்பியது. பையன் சதை போட்டுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சுற்றிப் போட்டார்கள். அடுத்த வாரம் ஒன்பது பேருக்கு உப்பியது. மாவட்டச் சுகாதார அதிகாரியான கரடி, டாக்டர் பீதாம்பரம், ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இதோ பாரும்மா, எண்ணிக்கை அம்பதைத் தொட்டுச்சுன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்."

மற்ற ஊழியர்களுக்கு அது மிரட்டல். தவளைக்கு அது மரண தண்டனை. பச்சைநாயகிக்கு நின்ற இடத்திலேயே தோல் காய்ந்தது. குளத்தில் ஒரு முங்கு போட்டுவிட்டு, படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

படிவத்தில் பதினேழு கட்டங்கள். 'கடந்த மூன்று வாரங்களில் யார் யாரைச் சந்தித்தீர்?' என்பது ஒன்பதாவது. அந்தக் கட்டத்தில் மட்டும் காடே கூசாமல் பொய் சொன்னது.

"யாரையுமே பாக்கலீங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கெடந்தேன்" என்றான் நரி வைரக்கண்ணு. இரண்டு கன்னமும் பணியாரம் மாதிரி இருந்தன.

"பின்னே எப்படிய்யா வந்துச்சு?"

"அதான் புரியலை. இத்தனைக்கும் வர்றதுக்கு முன்னாடியே சங்கிலியை வாங்கிப் போட்டேனே!"

"எந்தச் சங்கிலி?"

கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் பொன்னுக்கு வீங்கி வடிந்துவிடும் என்பது அந்தக் காட்டின் நம்பிக்கை. காட்டிலேயே தங்கம் வைத்திருந்தவள் மாணிக்கம்மாள் என்ற குரங்கு ஒருத்திதான். சுற்றுலா வந்த ஒரு அம்மாளிடம் வாழைப்பழத்தைப் பிடுங்கப் போய், கையோடு வந்த மூன்று பவுன். அவளுக்குத் தாராள மனசு. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

போடும்போது கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கழற்றும்போது முத்தம் கொடுத்தார்கள். இடையில் குட்டிகள் வாயில் போட்டுச் சப்பின. யானை அதைக் காதில் மாட்டிக்கொண்டது. பாம்புக்குக் கழுத்து எதுவரை என்று தெரியாததால் மூன்று இடங்களில் கட்டிப் பார்த்தார்கள். வீங்காதவர்களும் முன்னெச்சரிக்கையாக வாங்கிப் போட்டு, வரிசையாக வீங்கினார்கள்.

பச்சைநாயகி குரங்கு குடியிருந்த இலவ மரத்தடிக்கு ஓடினாள்.

"தாயே, கொஞ்ச நாளைக்கு அதை யாருக்கும் குடுக்காதே. இல்லேன்னா சோப்புத் தண்ணியிலயாவது கழுவிக் குடு."

"சோப்பு பட்டா மெருகு போயிடும்டி. நாலு பேருக்கு நான் நல்லது செய்யறது உன் கண்ணை உறுத்துதா?" என்று மாணிக்கம்மாள் உச்சிக் கிளைக்குப் போய்விட்டாள்.

பச்சைநாயகி 'வீட்டிலேயே தனித்திருங்கள்' என்று சுவரொட்டி ஒட்டினாள். வரையாடு அதைத் தின்றுவிட்டு, பசை நன்றாக இருந்தது என்றது. எண்ணிக்கை நாற்பத்தொன்றானது. மரத்தடியிலோ சங்கிலிக்கு வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது.

பச்சைநாயகி ஒரு பாறைமேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். கிருமி, எச்சில், தும்மல் என்று கால் மணி நேரம் விளக்கினாள். வரிசை கொட்டாவி விட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணியில்லாக் காடு கண்முன் பொட்டலாக விரிந்தது. அந்தப் பயத்தில், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய் சொன்னாள், மாதாந்தர அறிக்கைகளைச் சேர்க்காவிட்டால்.

"அட, அது கவரிங்!"

கழுத்தில் சங்கிலியோடு நின்ற மான் அதைத் தேள் கொட்டினாற்போல் உதறியது.

"நான் அப்பவே நெனைச்சேன்" என்றான் வைரக்கண்ணு.

"மூணு பவுன்! ஹால்மார்க் போட்டது!" என்று மாணிக்கம்மாள் மரத்தைப் பிடித்து உலுக்கினாள். பறித்த நகைக்கு ரசீது எங்கிருந்து வரும்? கவரிங்கைக் கழுத்தில் போட்டு முத்தம் வேறு கொடுத்துத் தொலைத்தோமே என்று அத்தனை பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மானம் போய்விட்டது, யார் முகத்தில் விழிப்பது? மூன்று வாரம் ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிக்கவில்லை. ஏற்கெனவே தொற்றியிருந்த எட்டுப் பேருக்கு வீங்கியதோடு சரி. எண்ணிக்கை நாற்பத்தொன்பதில் நின்றது.

பச்சைநாயகி துள்ளிய துள்ளலில் மேசைமேல் இருந்த படிவங்கள் பறந்தன. அப்போதுதான் டாக்டர் பீதாம்பரம் ஜீப்பில் வந்தார். கத்திரி வெயிலில் தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தார்.

"சபாஷ்" என்று முனகிவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, அந்தச் சங்கிலி நெசமாவே கவரிங்தானா?"

"இல்லை சார். சுத்தத் தங்கம்."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டதில் மஃப்ளர் நழுவியது. இடது கன்னம் பலாப்பழமாக இருந்தது. "ஆய்வுக்கு வந்த இடத்துல, சும்மா, ஒரு நிமிஷம் போட்டுப் பாத்தேன்."

"சார், இதோட அம்பது."

பச்சைநாயகி ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பல்வலிம்மா" என்றார் டாக்டர்.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்று கேட்டபடியே பச்சைநாயகி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு போய்க் குளத்தில் குதித்தாள்.

நீதி: மருத்துவத்துக்குக் கட்டுப்படாத நோய் மானத்துக்குக் கட்டுப்படும், அதற்கும் கட்டுப்படாதது பல்வலி.