மேலே கூட்டல், கீழே கழித்தல்

"வருஷம் பூரா உங்க லிஃப்ட் ஒரு அடிகூட ஓடலையாமே!"

மேலாளர் நீட்டிய தாளை லிஃப்ட்காரர் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. எட்டு மாடி அலுவலகத்தில் பதினேழு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவர். மகளுக்குப் பிரசவம் நெருங்கும் நேரத்தில் ஒரு தாள் வந்து வேலைக்கே உலை வைத்தது.

"லிஃப்ட் வேகத்தைப் பதியறதுக்குன்னு போன வருஷம் மாட்டின வேகப்பெட்டி பொய் சொல்லுமா? வெள்ளிக்கிழமையோட நின்னுக்குங்க."

கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மைத்துனனிடம் ஓடினார்.

"மேல போற வேகம் கூட்டல், கீழ வர்ற வேகம் கழித்தல், மாமா. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அப்படியே தொகையிட்டிருக்கு. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தா பூஜ்யம்தானே?"

"அப்ப திரும்பி வராம விட்டா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் லிஃப்டை எட்டாம் மாடியிலேயே பூட்டிவிட்டுப் படியிறங்கி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் வந்து சேர்வதற்குள், அதிகாரிகளின் பக்கத்து லிஃப்டில் ஏற அனுமதியில்லாத மூட்டுவலிக்காரத் தலைமை எழுத்தர் ஐந்து மாடி ஏறி, ஆறாவதில் மயங்கி விழுந்திருந்தார். லிஃப்ட்காரருக்கு மெமோ கிடைத்தது. முந்தைய நாள் கணக்கு அப்போதும் பூஜ்யம்தான்.

"குறுக்கு வழி வேணாம் மாமா, சும்மா இருங்க," என்றான் மைத்துனன். "வேகம் எங்கெல்லாம் பூஜ்யம் ஆகுதோ அங்கெல்லாம் வெட்டணும். ஒவ்வொரு துண்டையும் தனியா தொகையிட்டு, கழித்தல் குறியைத் தூக்கிப் போட்டுட்டுக் கூட்டணும். அதுதான் நிஜமா ஓடின தூரம்."

வேகப்பெட்டியின் பதிவுகளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டான். தொள்ளாயிரத்துப் பதினாலு கிலோமீட்டர்.

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் இவ்வளவு தூரமா! வெள்ளிக்கிழமை காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை நீட்டினார்.

மேலாளர் முகம் வெளிறியது.

"எண்ணூறு கிலோமீட்டர் ஓடினா கம்பி வடத்தை மாத்தணும்னு சட்டம் இருக்கே! தேஞ்ச வடத்துலயா இத்தனை பேரை ஏத்தி இறக்கினீங்க?"

"ஓடவே இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க..."

"எதிர்ப்பேச்சு வேறயா? லிஃப்டை இழுத்து மூடுங்க. விசாரணை, போலீஸ் எல்லாம் உண்டு. உத்தரவை டைப் அடிச்சு நானே கொண்டு வரேன்."

அதிகாரிகளுக்கான பக்கத்து லிஃப்டில் ஏறி மேலாளர் எட்டாம் மாடிக்குப் போனார்.

லிஃப்ட்காரர் சோற்றுப் பையையும் ஸ்டூலையும் எடுத்து வெளியே வைத்தார். மகளிடம் என்ன சொல்வது? வேலையும் போய் ஜெயிலுமா? வடத்தைப் பரிசோதிக்க வந்த மெக்கானிக் மூடிய லிஃப்டின் கூரைமேல் ஏறி, டார்ச் அடித்து எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து லிஃப்டின் விளக்கு எட்டிலிருந்து ஏழுக்கு வந்தது.

மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டே இறங்கினான்.

"அண்ணே, உங்க வடம் புதுசாட்டம் இருக்கு. அந்த வேகப்பெட்டியைப் பக்கத்து லிஃப்டுலதான் மாட்டி வச்சிருக்காங்க! ஆமா, இப்ப அதுல யாரும் இல்லையே?"