மாமனார் கொடுத்த சிவப்புக் கார்

பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.

மேனேஜர் காலை எடுத்தார். நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடி ஆடியது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"நேத்து வரைக்கும் இது இல்லையேங்க," என்றாள் கேட்டருகே நின்ற மனைவி.

"முன்னேறிக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்," என்றார்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாமனாருடையது. போன மாதம் வரை மூத்த மாப்பிள்ளையான சகலையிடம் இருந்தது. "இதுல கை வைக்கிற மூளை உங்களுக்குத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று மாமனார் சாவியை நீட்டியபோது மேனேஜருக்கு நெஞ்சு விம்மியது. அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் முழங்கால் வலிக்கும் கேட்காமலே வழி சொல்கிறவர் அவர். ஆனால் சொந்தக் கையால் ஒரு திருகாணியைத் திருகியதில்லை.

குறை என்னவோ சின்னதுதான். நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் எஞ்சின் மிஸ் அடித்தது. புது ஸ்பார்க் பிளக் வாங்கி மாட்டினார். மாட்டும்போது இரண்டு வயர் இடம் மாறிவிட்டது. சாவியைத் திருப்பியதும் சைலன்சர் வெடித்த வெடியில், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வாத்தியார் தன்னையே நனைத்துக்கொண்டார்.

"என்ன சார் அது?"

"பிளக் சார். புதுசு."

வயரைச் சரியாகப் போட்டார். வெடி நின்றது, மிஸ் நிற்கவில்லை. கோளாறு கரண்டில்தான் என்று முடிவுகட்டி டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே கலைந்த நூல்கண்டு போல வயர்கள். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அழுத்திச் செருகி மூடினார். அதன் பிறகு இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடித்தது. ஹாரன் வயரைப் பிடுங்கினார். பெட்ரோல் முள் போய் 'ஃபுல்'லில் நின்றது.

"இது ஒண்ணாவது நல்லா வேலை செய்யுதே!" என்று மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெரு நடுவில் பெட்ரோல் தீர்ந்தது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள்.

"தள்ளும்போது மிஸ் அடிக்கலை, கவனிச்சியா?" என்றார் மூச்சிரைக்க.

"எனக்கு அடிக்குதுங்க," என்றாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

வீடு வந்ததும் பிடுங்கியதையெல்லாம் திருப்பி மாட்டினார். அதற்குப் பலன்தான் இந்த வைப்பர்.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார். "வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அதுலதான் வர்றோம் மாமா!" வாய் முந்திக்கொண்டது.

மாமனார் அவசர அவசரமாகச் சொன்னார். "அவசரமே இல்லை மாப்பிள்ளை. எத்தனை மாசம் ஆனாலும் நிதானமா பாருங்க."

என்ன பெருந்தன்மை! இந்த மனிதரை ஏமாற்றக் கூடாது என்று மேனேஜர் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கீழே கிடந்த ஸ்பேனரில் கால் வழுக்கியது. விழாமலிருக்க, எஞ்சினையும் பாடியையும் இணைத்த ஒரு பழைய வயரைப் பிடித்தார். எஞ்சின் சட்டென்று சீராக ஓடியது. விட்டார், மிஸ் அடித்தது. பிடித்தார், சீரானது.

எர்த் வயர்! அதன் நட்டு லூஸ். அவ்வளவுதான். இறுக்கி முடுக்கினார். வைப்பர், ஹாரன், முள் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன.

"பல கோணத்துல ஆராய்ஞ்சு பார்த்ததுல..." என்று மனைவியிடம் ஆரம்பித்தார்.

"நீங்க வழுக்கினதை நான் பார்த்தேங்க."

ஞாயிறன்று கார் வழுக்கிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். சாப்பிடும்போது எர்த் வயர் புராணத்தில் தொடங்கி, சமையலறைக் குழாய், ஃபேன், மாமியாரின் முழங்கால் என்று ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார். "இனிமே வாராவாரம் வந்து நானே பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன் மாமா."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துபோன மாமனார் திரும்பிவர நேரமானது.

கிளம்பும்போது மேனேஜர் சாவியைத் திருப்பினார். டக்... டக்... எஞ்சின் மிஸ் அடித்தது. பதறிப்போய் பானெட்டைத் திறந்தார். எர்த் வயரின் நட்டு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இறுக்கித்தானே வெச்சேன்!"

"அடடா, இன்னும் நிறைய வேலை இருக்கும் போலிருக்கே மாப்பிள்ளை," என்றார் மாமனார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாப்பாட்டுக்கு வந்திருந்த சகலை மேனேஜரின் தோளில் கைபோட்டுக் காதோடு சொன்னார்:

"விடுங்க தம்பி, என்கிட்ட இருந்தப்ப நானும் ரெண்டு தடவை சரி பண்ணினேன். நாம வாராவாரம் வந்து யோசனை சொல்லாம இருக்கணும்னா, பாவம், மாமாவும் வேற எதைத்தான் கழட்டுவாரு?"