தலைவர் பார்க்காத படம்

"அதுவா? பாத்தாச்சே!" என்றார் தலைவர், தொலைபேசியில்.

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு பொசுக்கென்று போயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊர்க் கண்களுக்கெல்லாம் வழி செய்கிறவர் அவர். வாழ்க்கையில் அவருக்கு இருந்தது ஒரே லட்சியம். திரைப்படச் சங்கத்தின் தலைவர் பார்க்காத ஒரு படத்தைத் தான் முதலில் பார்த்துவிட வேண்டும். நடக்கிற காரியமா? பனிக்காட்டில் ஒரு கழுதை சும்மா நிற்கிறதே, இடைவேளைவரை நின்று, இடைவேளைக்குப் பிறகும் நிற்கிறதே, அந்தப் படத்தைக்கூட "பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டார் மனுஷர். இன்றைக்குச் சொன்னது முழுக்க முழுக்க ஒரு கிணற்றுக்குள் எடுத்த படம். அதுவும் போச்சு.

கடைசி நம்பிக்கை மச்சினன்தான். கணினி, ஒயர், விளக்கு என்று யார் வீட்டிலாவது எதையாவது மாட்டிக்கொண்டே திரிகிறவன்.

"மாப்ளே, யாருமே பாக்காத படமா ஒண்ணு வேணும். எடுத்தவனே பாத்திருக்கக் கூடாது."

"எடுத்தவனே பாக்காததை நீங்க எதுக்கு மாமா பாக்கணும்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரி, பாக்கலாம்," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சொன்னபடியே, சில நாளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகினார். தொந்தரவுக்கு ஆள் இல்லை. கழுதைப் படத்துக்குப் பிறகு, அவர் படம் ஓடுகிற அறைக்குள் கால் வைப்பதில்லை என்று மனைவி சபதம் எடுத்திருந்தாள். பதிலுக்கு அவரும், சாயங்காலம் அவளுடைய தொடர்களின் அழுகைச் சத்தம் ஓய்கிறவரை வீட்டுக்குள் நுழையாமல் பூங்காவைச் சுற்றிக்கொண்டிருப்பார். நல்ல தாம்பத்தியம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில்தான் ஓடுகிறது.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை. பெயர் இல்லை, இசை இல்லை, எழுத்துப் போடவில்லை. கூரையிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வாசல் நடை. அதில் ஒரு மூடிய கதவு. வெகுநேரம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு ஒரு பல்லி சுவரைக் கடந்தது.

"அடேயப்பா, என்ன துணிச்சல்!" என்று முணுமுணுத்தார். பல்லிதான் காலம் என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

பல்லி போனதும் ஒரு ஆள் வந்தான். மேலேயிருந்து எடுத்ததால் முகம் தெரியவில்லை. உச்சந்தலைதான் தெரிந்தது. வழுக்கை என்றால் அப்படி ஒரு வழுக்கை! துலக்கிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி நடை முழுக்க வெளிச்சம் அடித்தது. கண்ணாடிக்காரருக்கு வழுக்கைத் தலையர்களிடம் பிறவியிலிருந்தே நம்பிக்கை கிடையாது. நெற்றியில் புரளும் தன் சுருள்முடியைக் கடைக் கண்ணாடிகளில் தினமும் பார்த்துப் பூரிக்கிறவர் அவர்.

வழுக்கை செருப்பைக் கழற்றினான். பூனை மாதிரி வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், கதவில் காதை வைத்தான். என்னத்தைக் கேட்டானோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். மறுபடி காது.

கண்ணாடிக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"தலைவரே, பேரே இல்லாத படம்! ஒரு நடை, ஒரு கதவு, ஒரு வழுக்கை..."

"பாத்தாச்சு."

"இதையுமா! நான் இன்னும் முழுசாப் பாக்கல. முடிவு என்ன தலைவரே?"

"முடிவா?" தலைவர் நன்றாக இருமினார். "கடைசியில உள்ள பூந்து வீட்டுக்காரனைத் தீர்த்துடுவான். ரத்தக்காலை மிதியடியில துடைச்சிட்டு நிதானமா நடந்து போவான் பாருங்க, அந்த ஒரு காட்சிக்கே விருது குடுக்கலாம்!"

மிதியடியா? அதை அவர் கவனிக்கவில்லையே. திரும்ப ஓட்டினார். கதவடியில் கிடந்தது மிதியடி. நடுவில், இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் கருகியிருந்தது.

அவருக்குச் சப்த நாடியும் ஒடுங்கியது. அப்படி ஒரு மிதியடி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. ஏனென்றால், மிதியடிக்கு இஸ்திரி போட முயன்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அது அவர் வீட்டு வாசல். அப்படியானால் தீரப்போகிற வீட்டுக்காரன்?

மனைவியிடம் மூச்சு விடவில்லை. பாவம், பயந்துவிடுவாள். மறுநாள் கடைத்தெருவில் ஓர் இரும்புத்தடி வாங்கி, யார் கண்ணிலும் படாமல் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினார். கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு அடுத்த பென்டிரைவ் வருகிறவரைதான். இரண்டாம் பாகத்தில் வழுக்கையின் கையில் காகிதம் சுற்றிய நீளமான சாமான் ஒன்று இருந்தது.

"தலைவரே! ரெண்டாம் பாகம்..."

"பாத்தாச்சு."

"கையில வெச்சிருக்கானே, அது துப்பாக்கியா?"

"பின்னே புல்லாங்குழலா?"

கண்ணாடிக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடையில் நடுக்கத்தில், கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட, அவர் படி என்று நினைத்து மேசைமேல் ஏறினார். கடைசியில் ஒரு யோசனை உதித்தது. ரத்தக்காலைத் துடைக்க மிதியடி இருந்தால்தானே கொலை நடக்கும்? மிதியடியைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தார்.

காலையில் வாசலிலிருந்து வீறிட்டாள் மனைவி.

"ஐயோ, மிதியடியைக் காணோம்! அவன்தான் எடுத்திருக்கான்!"

"எ... எவன்?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேங்க. தினம் சாயங்காலம் எவனோ ஒருத்தன் கதவுக்கு வெளிய வந்து நிக்கிறான். மூச்சு விடுற சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா ஆள் இல்ல. நீங்க பயந்துக்குவீங்கன்னு தம்பியைக் கூப்பிட்டு வாசல்ல ரகசியமா கேமரா மாட்டச் சொன்னேன். பதிவை டிவி பக்கத்துல வெச்சேன் வெச்சேன்னு அவன் சொல்றான். என் கண்ணுல ஒண்ணும் படல!"

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். படம் என்று நினைத்தபோதே உயிர் பாதி போயிருந்தது. நிஜம் என்று தெரிந்ததும் மீதியும் கிளம்பத் தயாரானது. மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினார். தலைவரையும் கையோடு வரவழைத்தார். முடிவு தெரிந்தவர் அவர் ஒருவர்தானே!

தலைவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"கேமராப் பதிவா? அப்ப நான் பாத்தது வேற பதிப்பா இருக்கும்."

"வீட்டுக்காரன் செத்துடுவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பாய்ந்தாள் மனைவி. "அந்த வழுக்கை உங்க ஆளா?"

"கேக்கும்போதே சொல்லிடுங்க சார்," என்றான் மச்சினன். "இல்லன்னா போலீஸ் வந்து கேக்கும்."

தலைவருக்கு வேர்த்து ஊற்றியது. "தாயே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. பாத்தாச்சுன்னு சும்மா சொல்றதும்மா. கழுதையும் பாக்கல, கிணறும் பாக்கல!"

வேறு சமயமாயிருந்தால் கண்ணாடிக்காரர் ஆனந்தக் கூத்தாடியிருப்பார். இப்போது கூத்து நடப்பது அவர் உயிரை வைத்து அல்லவா? "முதல்ல அவன் யாருன்னு பாருங்க!" என்று இரும்புத்தடியைக் கட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மனைவி சபதத்தை மறந்து பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் படத்தை ஓடவிட்டான். தலைவர் பின்னால் நின்றார்.

நடை. கதவு. பல்லி. வழுக்கை வந்தான், குனிந்தான், கதவில் காதை வைத்தான். உச்சந்தலை பளபளத்தது.

தலைவர் திரையைப் பார்த்தார். குனிந்து, தன் காலடியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உண்மையான ஞானம் பரவியது.

"பாத்தாச்சுய்யா, இதை மட்டும் நிஜமாவே பாத்தாச்சு! சங்கத்துல உங்க பின் நாற்காலியில உக்காந்து, ஒரு படமும் தெரியாம, வருஷக்கணக்கா இந்த வழுக்கையைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்!"