அடியில் தங்கிய கால்சியம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், வீடு சுகம், உன் அம்மாவின் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

பிரசவத்துக்கு அம்மாவை அனுப்பச் சொல்லி நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அனுப்ப முடியாத நிலைமை. ஏன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தியது உனக்குத் தெரியும். நிறுத்துவதோடு முடியவில்லை, பாலில் கிடைத்த சத்தெல்லாம் வேறு சாப்பாட்டில் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வீணாகிவிடும் என்றும் சொன்னார். உன் அம்மா நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தாள். சரி, இது நம் தலையில்தான் விடியும் என்று சமையலறையை நானே எடுத்துக்கொண்டேன். கீரையில் கால்சியம் என்றார்களா, தினமும் பசலைக்கீரை. அந்தக் கீரையில் இருப்பது உடம்பில் அவ்வளவாகச் சேராதாம், யார் சொன்னார்கள் முன்னாடியே? எள் கொடுத்தேன். அவள் அதை மெல்லாமல் மாத்திரை மாதிரி தண்ணீர் விட்டு முழுங்கினாள், அது வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. வைட்டமின் டி-க்கு வெயில் வேண்டும் என்றார்கள். காற்று பட்டால் சளி பிடிக்குமே என்று ஜன்னலைச் சாத்தி, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஆனந்தமாகத் தூங்கினாள். அவ்வளவுதான் நடந்தது, கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காதாம்.

பி12-க்கு முட்டை, மீன் என்று குறையே வைக்கவில்லை. சின்ன மீனாக வாங்கி, அவள் தொண்டையில் சிக்கிவிடுமே என்று மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முள் விடாமல் எடுத்துவிட்டுத்தான் தட்டில் வைப்பேன். மெத்தென்று வெந்த முள்ளை வீணாக்குவானேன் என்று நான் மென்றுவிடுவேன். சத்து சேர்த்த சோயாப் பால் டப்பாவைத் திறந்தால் மேலாகத் தெளிவாக இருப்பது அவளுக்கு, அடியில் மண்டி மாதிரி நிற்பது எனக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் மண்டி என் பங்குதான், அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. வைட்டமின் டி குறைவு, எலும்பும் சுமார்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் டயட்டீஷியன் பெண் என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. நானும் பெருமையாகத்தான் சொன்னேன். அது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தது.

“சார், அந்த மீன்ல கால்சியமே முள்ளுலதான் இருக்கு. சோயாப் பால்ல சேர்க்கிற கால்சியம் அடியில தங்கிடும், குலுக்கித்தான் ஊத்தணும். அவங்களுக்குப் போக வேண்டியது எல்லாம் உங்களுக்குப் போயிருக்கு.”

உன் அம்மா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயிண்ட் கடையில் காலமெல்லாம் டப்பா குலுக்கின மனுஷன், வீட்டு டப்பாவைக் குலுக்கலையே என்று ஆட்டோக்காரரிடம் வரை சொல்லிக்கொண்டு வந்தாள். பாசமாகப் பார்த்துப் பார்த்துச் செய்து அவள் எலும்பைக் கெடுத்து என் எலும்பை வளர்த்திருக்கிறேன். எனக்கு மனசே ஆறவில்லை.

இப்போது எல்லாம் முதலிலிருந்து. டப்பாவைக் குலுக்குகிறேன், எள்ளை அரைக்கிறேன், மொட்டை மாடியில் நிஜ வெயிலில் உட்கார வைக்கிறேன். இந்த நிலைமையில் அவளை உன் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கவும் பச்சைக் குழந்தையைத் தூக்கவும் அனுப்பினால் நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகும். ஆகவே உதவிக்கு நல்ல ஆளாகப் பார்த்து வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. சுகப்பிரசவமாகி நீ நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அம்மா எழுதறேன்டி. தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். டாக்டர் கடைசியாச் சொன்னதை மட்டும் உங்கப்பா எழுதாம விட்டுட்டார். குறை கொஞ்சம்தான், மாத்திரையைப் போட்டுக்கிட்டு மக வீட்டுக்குத் தாராளமாப் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னார். அதைக் கேட்டதுலேர்ந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கல. நான் இல்லாத வீட்டுல தனியா இருக்க பயம், அதைச் சொல்ல வெட்கம். ரெண்டு பேருமா வர்றோம். இன்னொரு கட்டில் போட்டு வை. சமையலறைப் பக்கம் மட்டும் அவரை விட்டுடாதே, பிள்ளை பெத்தவளுக்குச் சத்து வேணும்னு உன்னைக் கவனிக்க ஆரம்பிச்சுடுவார்.