தொண்ணூற்று நாலு மார்க் வாங்கிய கம்பெனி

"உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்தப் பெயரில் எங்களிடம் ஏற்கனவே ஒரு கணக்கு உள்ளது" என்று கணினித் திரை சொன்னதும், பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாலும் திரை அதையேதான் சொன்னது.

அவர் பூட்டு விற்பவர் அல்ல. பூட்டுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நூறு பூட்டுக்கு ஒன்றை எடுத்து, பூட்டி, இழுத்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, தேறிவிட்டால் குறிப்பேட்டில் ஒரு டிக் அடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். தேறிய பூட்டைப் பற்றி அதன்பிறகு நினைப்பதே கிடையாது. வீட்டிலும் இதே கதைதான். ஐந்து வருஷ இடைவெளியில் இரண்டு தடவை ஆராய்ச்சி செய்து, இரண்டு தடவையும் அதே இஸ்திரிப் பெட்டியை வாங்கிவந்த மனிதர். முதலில் வாங்கியது அட்டைகூடப் பிரிக்காமல் பரண்மேல் கிடந்ததை மனைவி எடுத்துக் காட்டியபோது, "பார்த்தியா, என் முறை தப்பவே தப்பாது" என்றார்.

மனைவி பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதித்துவிட்டு, போன வருஷம் வேலையை விட்டாள். கணக்குத் தீர்த்து ஒரு தொகை கொடுத்தார்கள். அவளுடைய தம்பி மீன் தொட்டிக் கடை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஏதாவது கொடுத்தால் தேவலை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டிகளின் படம் வரைந்து எடுத்துவருவான்.

"ஷேர்ல போடலாம். நாமே வாங்கி, நாமே பார்த்துக்கலாம்" என்று பூட்டுக்காரர்தான் சொன்னார். "ஆனா எந்தத் தரகுக் கம்பெனி மூலமா வாங்கறோம்கிறதுதான் முக்கியம். ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

"நீங்க ஆழம் பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஆறே வத்திடும்" என்றாள் மனைவி. ஆனாலும் பணத்தை அவர் பொறுப்பில் விட்டாள். கல்யாணமான நாளாக அவரை நம்பி அவள் ஒப்படைத்த முதல் பெரிய காரியம் அது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது.

ஆழம் பார்க்கப் பதினோரு மாதம் ஆனது. இந்த ஆராய்ச்சியைக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு தடவை செய்திருந்தார். வீடு மாறியபோது அந்த நோட்டு எங்கேயோ போய்விட்டது. ஆகவே இம்முறை அடியிலிருந்து ஆரம்பித்தார். பத்தொன்பது கம்பெனிகள். வாங்கினால் எவ்வளவு பிடிக்கிறார்கள், விற்றால் எவ்வளவு, ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால் வருஷத்துக்கு எவ்வளவு, போன் எத்தனையாவது மணியில் எடுக்கப்படுகிறது, காத்திருக்கும்போது போடும் இசையைச் சகிக்க முடிகிறதா என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டார்.

"நான் இருக்கிற கம்பெனியில சேருங்க. கமிஷனே கிடையாது" என்றார் தொழிற்சாலை ஸ்டோர்கீப்பர்.

"கமிஷன் வாங்காதவன் வேற எதையோ வாங்குறான்னு அர்த்தம்" என்று சொல்லி அந்தக் கம்பெனிக்கு நாலு மார்க் குறைத்தார்.

கடைசியில் ஒன்று தொண்ணூற்று நாலு மார்க் வாங்கி முதலில் வந்தது. ஒருவர் கணக்கைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டார்கள். ரகசியக் கேள்விக்கு மூன்று முறை தப்பாகப் பதில் சொன்னால் கணக்கு முடங்கிவிடும். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. இந்த மூன்றுக்கும் பத்துக்குப் பத்து கொடுத்தார். பூட்டு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

விண்ணப்பத்தோடு மனைவியின் மொத்தப் பணத்தையும் அனுப்பிவைத்தார். அந்த விண்ணப்பம்தான் இப்போது நிராகரிக்கப்பட்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். நோட்டில் இருந்தபடியேதான்.

"என் பேர்ல ஏற்கனவே கணக்கு இருக்குன்னு சொல்லுதும்மா. நான் தொடங்கவே இல்ல."

"அந்தக் கணக்கு உங்களோடதா சார்?" என்று கேட்டாள் எதிர்முனைப் பெண்.

"இல்லைன்னுதானே சொல்றேன்."

"உங்களோடது இல்லைன்னா அதைப் பத்தி உங்ககிட்ட எப்படி சார் பேச முடியும்? அடுத்தவங்க விவரமாச்சே."

வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும். பூட்டுக்காரருக்கு அவளைப் பாராட்டத் தோன்றியது.

"சரி, என்னோடதுன்னே வெச்சுக்கோங்க."

"அப்ப ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்க நெருங்கிய நண்பர் யாரு?"

நிறைய யோசித்தார். "அப்படி யாரும் இல்லையேம்மா."

"தப்பு சார்."

"எங்க ஸ்டோர்கீப்பர்."

"தப்பு சார்."

"என் மனைவி" என்றார், அடுத்த அறைக்குக் கேட்கும்படி.

"அதுவும் தப்பு. மூணு தடவை ஆயிடுச்சு சார். கணக்கை முடக்கிட்டோம். உங்க பேர்ல புதுசா வந்திருக்கிற பணத்தையும் சேர்த்து."

மனைவி அடுத்த அறையிலிருந்து வந்து நின்றாள். "சேர்த்துன்னா?"

"பணம் பத்திரமா இருக்கு. யாராலயும் எடுக்க முடியாது."

"நம்மளால?"

"யாராலயும்னு சொன்னேனே."

அவள் திரும்பி அடுத்த அறைக்கே போய்விட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனியின் கிளைக்குப் போனார். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்குப் பின்னால், மூலை மேஜையில், கையெழுத்துகளைச் சரிபார்க்கும் அம்மாள் ஒருத்தி பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"யாரோ என் பேர்ல திருட்டுக் கணக்கு வெச்சிருக்கான்" என்றார் பூட்டுக்காரர்.

"ரெண்டு வழி இருக்கு சார். அது உங்களோடதுன்னு நிரூபிக்கணும். இல்லாட்டி, உங்களோடது இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்தா நீங்க புதுசா அனுப்பின பணம் இன்னிக்கே விடுபட்டுடும்."

"கொடுங்க, எழுதறேன்."

"அவசரப்படாதீங்க சார். ரொம்பப் பழைய கணக்கு. ஃபாரம் தலைமை அலுவலகக் கிடங்குல இருக்கு. வர ஒரு வாரம் ஆகும். வந்ததும் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே. இது சின்னக் கணக்கும் இல்ல."

"எவ்வளவு இருக்கு?"

"அதைச் சொல்லக்கூடாது" என்ற மேலாளர், மேஜைமேல் மனைவியின் தொகை எழுதியிருந்த தாளைத் தொட்டுக் காட்டி, பிறகு ஆறு விரல்களை விரித்தார். அதைப்போல ஆறு மடங்கு! "ஒரே கம்பெனியோட பங்கு. கணக்கு தொடங்கின அன்னிக்கு வாங்கினது. அதுக்கப்புறம் தொடவே இல்ல. அதான் இப்படி வளர்ந்திருக்கு."

பூட்டுக்காரர் அசந்துபோனார். "திருடனா இருந்தாலும் நிதானஸ்தன். ஆராய்ஞ்சுதான் வாங்கியிருக்கான்."

ஒரு வாரம் காத்திருக்கலாம்தான். இஸ்திரிப் பெட்டிக்கு நாலு மாதம் காத்திருந்தவர் அவர். ஆனால் காலையில் மனைவி பேசாமல் நீட்டிய காபி நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை அரை நிமிஷத்தில் முடிவுசெய்தார்.

"என் பேரை வெச்சு ஊரை ஏமாத்திச் சம்பாதிச்ச பணம் எனக்கு ஒட்டாது. அதுல ஒரு காசு எனக்கு வேண்டாம்" என்றார்.

"எழுதிக் கொடுத்தா திரும்ப வாங்க முடியாது சார்."

"தெரியும். அதுக்குத்தான் பத்து மார்க் போட்டிருக்கேன்."

இந்தக் கணக்கும் அதிலுள்ள பங்குகளும் என்னுடையவை அல்ல, எக்காலத்திலும் உரிமை கோரமாட்டேன் என்று அச்சடித்திருந்த பத்திரத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பத்திரத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'யார் மீதாவது சந்தேகம் உண்டா?' விருப்பமிருந்தால் நிரப்பினால் போதும் என்றார் மேலாளர். ஆனால் காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பூட்டுக்காரரால் தாங்க முடியாது. தொழில் அப்படி. தன்னுடைய அடையாள அட்டையின் நகல் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தார். ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. போன் இணைப்பு வாங்க வேண்டும் என்று எப்போதோ கேட்டு வாங்கிப் போயிருந்தான். மைத்துனனின் பெயரை அழகான எழுத்தில் எழுதிவிட்டு வீடு திரும்பினார்.

சாயங்காலமே மனைவியின் பணம் விடுபட்டு வந்துவிட்டது. இரண்டு நாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள், கம்பெனி அனுப்பிய விசாரணைக் கடிதத்தோடு மைத்துனன் வந்து நின்றான்.

"மாமா, நான் உங்க பேர்ல பணக்காரனாமே?"

"நீயே உண்மையைச் சொல்லிடு மாப்ளே. வெளியில விஷயம் போகாம பார்த்துக்கலாம்."

"அவ்வளவு பணம் என்கிட்ட இருந்தா, வாரா வாரம் தொட்டிப் படம் வரைஞ்சு எடுத்துட்டு அக்கா முன்னாடி வந்து நிப்பேனா?"

நியாயமான கேள்விதான். "மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படியும் நிக்கலாமே" என்றார் பூட்டுக்காரர். சொன்ன பிறகு தனக்கே அது நன்றாக இல்லை என்று பட்டது. மைத்துனனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, ரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும் குரலில் சொன்னாள்.

"பழைய ஃபாரம் வரட்டும். கையெழுத்தைப் பார்க்கட்டும். என் தம்பி செஞ்சிருந்தா இந்த வாசப்படிய மிதிக்க விடமாட்டேன். அவன் செய்யலேன்னா, என் பணம் மொத்தமும் அவன் மீன் தொட்டிக் கடைக்கு. நீங்க அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும். அந்த நோட்டைக் கிழிச்சுப் போடணும்."

"நோட்டையுமா?"

"முதல்ல நோட்டைத்தான்."

அந்த வாரம் முழுக்கப் பூட்டுக்காரருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. மைத்துனன் திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் பயமாக இருந்தது. பணம் போனால்கூடப் பரவாயில்லை, இனி இவள் எந்தப் பொறுப்பையும் தன்னிடம் தரமாட்டாளே என்பதுதான் அவரை அரித்தது. சுத்தியல் படாமலே ஒரு பெட்டிப் பூட்டுகள் தேறிப்போயின.

ஃபாரம் வந்துவிட்டது என்று தகவல் வந்ததும் மூவரும் கிளைக்குப் போனார்கள். மைத்துனன் மொத்த வியாபாரியிடமிருந்து நேராக வந்திருந்தான். கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு ஆரஞ்சு மீன். வெறுந்தாளில் பத்துக் கையெழுத்துப் போடச் சொன்னதும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூட்டுக்காரரிடம் நீட்டினான். அவரும் வாங்கிக்கொண்டார்.

"நீங்க கொடுத்த பத்திரத்துக்கு மேலிடத்துல ஒப்புதல் வந்தாச்சு சார்" என்றார் மேலாளர். "அந்தப் பங்கெல்லாம் இன்னிக்குக் காலையில, கேட்பாரில்லாத பங்கெல்லாம் சேர்ற பொது நிதிக்குப் போயிடுச்சு. ஒரே வாரம். வேற எந்தக் கம்பெனியும் இவ்வளவு வேகமாச் செய்யாது."

"அதுக்கும் ஒரு மார்க் சேர்க்கணும்" என்றார் பூட்டுக்காரர். மனைவி திரும்பிப் பார்த்ததும் மீனைப் பார்க்கத் தொடங்கினார்.

மூலை மேஜை அம்மாள் பழுப்பேறிய ஃபாரத்தைப் பிரித்தாள். பெயர், விலாசம், படம் இருந்த பகுதிகளை, அடுத்தவர் விவரம் என்பதால், மேலாளர் ஒரு அட்டையால் மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ ரொம்ப ஒழுங்கான ஆளு சார்" என்றார் மேலாளர், எட்டிப் பார்த்தபடி. "ஒரு கட்டத்தைக்கூடக் காலியா விடல."

பூதக்கண்ணாடி மைத்துனனின் தாளுக்கும் ஃபாரத்துக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. பிறகு அந்த அம்மாள் கோப்பிலிருந்து வேறொரு தாளை உருவினாள். அதை நெடுநேரம் பார்த்தாள். பையில் மீன் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"சொல்லுங்கம்மா. என் தம்பியோட கையெழுத்தா?" என்றாள் மனைவி.

அந்த அம்மாள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

"தம்பியோடது சுத்தமா ஒத்துப்போகலம்மா. ஆனா, இந்தக் கணக்கு என்னோடது இல்ல, ஒரு காசு வேண்டாம்னு சார் நாலு இடத்துல போட்டிருக்காரே, அந்த நாலும் அச்சு அசலா பொருந்துது."